ஒன்றரை யானையும் ஓர் எல்லைக் கல்லும்

"யானை எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?"

"மேக்கால இருந்து."

"நேத்து கெழக்காலன்னு சொன்னீங்க?"

"நேத்து வந்தது வேற யானை."

மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

மலாய் நாட்டில், கிள்ளானை அடுத்த காப்பாரில் தாத்தா வீட்டு முன்வாசல். சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் சாப்பிடவில்லை. மாமா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் என் அப்பாவின் ரயில்வே தொப்பி. காரணம், அப்போது அவர் மாமா இல்லை, லேண்ட் ஆபீஸ் சர்வேயர். எதிரே தாத்தா கைகட்டி நின்றார். அறுபதைத் தாண்டிய மனிதர் பொய் சொல்லப் பழகிக்கொண்டிருந்தார், அதுவும் பெற்ற மகனிடம்.

"இங்க பாருங்கப்பா, ஒரே யானை. முப்பது வருசத்துக்கு முன்னால ஒரு நாள் வந்துச்சு. கல்ல முட்டித் தள்ளிட்டுப் போயிருச்சு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

"குட்டி?"

"குட்டி எதுக்கு இப்ப?"

"தனி யானைன்னா மூர்க்கமா இருக்கும்டா. கல்லோட நிக்குமா? வீட்டையும்ல பிரிச்சுப் போட்டிருக்கும்? குட்டிய கூட்டிட்டு வந்துச்சு, குட்டிதான் வெளையாட்டா உருட்டி விட்டுச்சுன்னு சொன்னா, கேக்கிறவனும் நம்புவான்."

தாத்தா சொன்னது நியாயம்தான். மாமா ஒன்றரை யானைக்கு ஒப்புக்கொண்டார். "நெலத்துல பாதி அக்காவுக்குப் போவுது. அதுக்கும் நான்தான் யானை பிடிக்க வேண்டியிருக்கு" என்று முணுமுணுத்தபடி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா என் தொடையில் கிள்ளினாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த யானை வராவிட்டால் நாங்கள் கப்பல் ஏற வேண்டும்.

கப்பலா, காப்பாரா?

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில் நாங்கள் போட்ட குழாயடிச் சண்டைகளைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். "நீங்கள் அவ்வளவு வாயாடியா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஆமாம் அம்மா. அந்தக் குழாயடியில் வாய் திறக்காதவள் வெறும் குடத்தோடுதான் வீட்டுக்குப் போவாள்.

அந்தச் சண்டைகளெல்லாம் ஒரே நாளில் ஓய்ந்துபோயின. ரப்பர் விலை விழுந்து, ஈயம் விலை விழுந்து, ரயிலில் ஏற்றச் சரக்கே இல்லாமல் போன வருடங்கள் அவை. பட்டறையில் சுத்தியல் பிடித்த என் அப்பாவுக்கும் வேலை போயிற்று. வேலை போனால் வீடும் போகும். மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் இலவசம்.

எந்த ஊருக்கு? அம்மா காப்பாரில் பிறந்தவள், நான் பிரிக்பீல்ட்ஸில். எங்களில் அப்பா ஒருவர்தான் நாகப்பட்டினத்தைப் பார்த்தவர். அதுவும் ஐந்து வயதில், கப்பலிலிருந்து திரும்பிப் பார்த்தது. கரையில் ஒரு வெள்ளை மாடு நின்றது என்பதைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் ஞாபகமில்லை.

பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டிக்கொண்டன. குழாயடியில் என் தலைமயிரைப் பிடித்து இழுத்த பாக்கியம் போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவளைவிட நல்ல எதிரி எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

செய்தி கேட்டுத் தாத்தா கிள்ளானில் ரயிலேறி, தோளில் ஒரு வாழைத்தாரோடு வந்து இறங்கினார். உட்காரக்கூட இல்லை.

"எம் மவ எதுக்குக் கப்பல் ஏறணும்? எங்கிட்ட ஆறு ஏக்கர் இருக்கு. மூணு அவளுக்கு."

அப்பா ரோஷக்காரர். "மாமனார் வீட்டுல குந்தித் தின்ன மாட்டேன் மாமா. அவ பேருல காகிதம் வரட்டும், வெட்டிக் கொத்திப் பொழைச்சுக்கிறேன். வரலேன்னா அடுத்த கப்பல்" என்றார். சொன்னதோடு நிற்காமல் கப்பலுக்குப் பேரும் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அப்படித்தான் நிலத்தைப் பிரிக்க லேண்ட் ஆபீஸில் மனுப் போட்டோம். பிரிப்பதென்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அளக்கிறவர் முதலில் தேடுவது நான்கு மூலைக் கற்களை. எங்கள் நிலத்தில் மூன்று கற்கள் அதனதன் இடத்தில் இருந்தன. நான்காவது கல்லுக்கு மஞ்சள் துணி கட்டி, சந்தனம் பூசி, பூப்போட்டு வைத்திருந்தோம்.

அப்பன் நட்டதை மகன் பிடுங்குவது

அந்தக் கல்லுக்குப் போகும் முன் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம்.

காப்பார் ரோடு போட வந்த கூலிகளில் ஒருவர் என் பூட்டனார், அதாவது தாத்தாவின் அப்பா. ரோடு முடிந்ததும் மற்றவர்கள் அடுத்த ரோட்டுக்குப் போனார்கள். இவர் மட்டும் ஓரத்துக் காட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். காட்டை வெட்டிப் பயிர் வைக்கிறவனுக்கு நிலம் எழுதித் தருகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் பரம்பரையில் அதுவரை யாருக்கும் ஒரு முழ நிலம் இருந்ததில்லை.

அப்பாவும் மகனும் இரண்டு வருடம் காடு வெட்டினார்கள். அட்டைக்கும் கொசுவுக்கும் இவர்கள் கொடுத்த ரத்தத்துக்கு அளவில்லை. பூட்டனார் கோப்பிச் செடி வைத்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் கோப்பிதான் வைத்தார்கள். எல்லோரும் வைத்ததால் விலை படுத்துவிட்டது.

பூட்டனார் கண்ணை மூடியதும் தாத்தா கோப்பியைப் பிடுங்கிப் போட்டுத் தென்னை வைத்தார். தென்னை தலைநிமிர்ந்த காலத்தில் என் மாமாவும் தலைநிமிர்ந்தார். கிள்ளான் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்தவர், சைக்கிள் வைத்திருந்தவர். "ஊரே ரப்பர்ல காசு பாக்குது, நம்ம மட்டும் தேங்கா உரிச்சுக்கிட்டு இருக்கோம்" என்று ஒற்றைக் காலில் நின்று பாதித் தென்னையை வெட்டி ரப்பர் நட்டார். ரப்பர் பால் கொடுக்கத் தயாரான வருடம் பார்த்து விலை விழுந்தது.

ஆக, எங்கள் குடும்பத்தார் எதை நட்டாலும் உலகத்தில் அதன் விலை விழும். கிள்ளான் வியாபாரிகள் எங்களை ரகசியமாகக் கேட்டுவிட்டுத்தான் சரக்கு வாங்கினார்கள் என்று மாமா சொல்வார். அது பொய். ஆனால் நம்பும்படியான பொய். அதனால்தான் யானைப் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தோம்.

மூன்று தலைமுறையும் வாழையையும் கத்திரிக்காயையும் தின்றே வளர்ந்தது. பேருக்குத்தான் கோப்பி, தென்னை, ரப்பர்.

வெயிலில் நின்ற சாமி

காடு வெட்டிய காலத்தில் ஒரு நாள், லாலாங் புல்லை அரிந்துகொண்டு போன தாத்தாவின் அரிவாள் எதன்மீதோ பட்டுத் தெறித்தது. விலக்கிப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல். நாலு பக்கமும் செதுக்கிய கல். அதன் முகத்தில் ஒரு கோடு, கோட்டின் தலையில் கூர்முனை. கீழே ஏதோ எழுத்து.

தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வேல் தெரியும்.

"அப்பா! முருகன் நமக்கு முன்னால வந்து நிக்கிறாரு!"

பூட்டனார் ஓடி வந்து பார்த்தார். இரண்டு பேரும் விழுந்து கும்பிட்டார்கள். மனிதக் காலடியே படாத காட்டில் செதுக்கிய கல் நின்றால் வேறு என்ன நினைப்பார்கள்? மற்ற மூன்று மூலைக் கற்களும் சேற்றில் புதைந்து தலை மட்டும் தெரிந்தன, அவற்றில் வேல் தெரியவில்லை. நிலத்துக்கு எல்லைக் கல் நடுவார்கள் என்பது நிலம் உள்ளவர்களுக்குத் தெரியும். சொந்தமாக ஓர் அடி மண் இல்லாதவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அன்றைக்கு மட்டும் யாராவது சொல்லியிருந்தால், பிற்பாடு எங்களுக்கு யானை தேவைப்பட்டிருக்காது.

காடு விழுந்ததும் அந்த மூலை பொட்டல் ஆகிவிட்டது. உச்சி வெயிலில் சாமி தனியாக நிற்பதைத் தாத்தாவால் தாங்க முடியவில்லை. உள்ளே பதினெட்டு எட்டுத் தள்ளி ஒரு காட்டு மாமரம் இருந்தது. மாச்சாங் என்பார்கள் மலாயில். நல்ல நாள் பார்த்து, குளித்து, ஈர வேட்டியோடு கல்லைத் தோண்டித் தோளில் சுமந்து வந்து மரத்தடியில் நட்டார். சாமிக்கு நிழல் கிடைத்தது. தாத்தாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்கு நாற்பது நாள் எண்ணெய் தேய்த்தார்கள்.

அப்புறம் பக்கத்து நிலத்துக்கு வாக் சமான் வந்தார். ஜாவாக்காரர்களில் பெரியவர்களை 'வாக்' என்று கூப்பிடுவார்கள். அவர் நிலத்தில் கல் இல்லை, எங்கள் சாமி நிற்கிற இடம்தான் எல்லை என்று நினைத்துக்கொண்டு அந்தப் பதினெட்டு எட்டிலும் பாக்கு மரம் வைத்தார். இது ஏதோ பெரியவரின் கிராமாத், அதாவது புனித சமாதி, என்று கல்லுக்கு மஞ்சள் துணி கட்டியதும் அவர்தான். ரோட்டு முனையில் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே தன் பங்குக்கு ஊதுபத்தி கொண்டுவந்து செருகினார். சாமிக்கு வெள்ளிக்கிழமை மூன்று வேளையும் மூன்று பாஷையில் ஆள் வந்தது.

கல்லுக்கு முன்னால் சத்தியம்

அந்தக் கல்லுக்குப் பெருமை எப்படி வந்தது என்றால், ஒரு கோழியால் வந்தது.

அந்த வட்டாரத்தில் ஒருவர் பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டு, "நான் எடுக்கலே" என்று எங்கள் கல்லின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். திரும்பி வீட்டுக்குப் போகையில் பாரிட் வாய்க்காலைத் தாண்டும்போது பலகை வழுக்கி உள்ளே விழுந்தார். எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு முதலில் சொன்ன வார்த்தை, "நான்தான் எடுத்தேன்."

அந்தப் பலகை பாசி பிடித்தது, அதில் நாங்களும் வாரத்துக்கு ஒருவர் விழுவோம் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதிலிருந்து காப்பாரில் எந்தத் தகராறு என்றாலும், "வா, கல்லுக்கு முன்னால வந்து சொல்லு லா" என்பார்கள். முக்கால்வாசிப் பேர் வரவே மாட்டார்கள். வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். தாத்தா இதற்கெல்லாம் நாட்டாமை இல்லை. ஆனால் அவர் அந்த மரத்தடியில் ஒரு பொய்யும் சொன்னதில்லை, யாரையும் சொல்லவிட்டதும் இல்லை. சாமிக்குக் காது அங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நம்பினார்.

மாமா பள்ளிக்கூடத்தில் எண் படித்துவிட்டு வந்த வருடம் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்து, "அப்பா, இது சர்க்கார் கல்லு. நம்பர் போட்டிருக்கு" என்று சொன்னார். தாத்தா அசரவில்லை. "சர்க்கார் காட்டுல நின்ன சாமிக்கு நம்பர் போடாம இருப்பாங்களா? உனக்குந்தான் பள்ளிக்கூடத்துல நம்பர் போட்டிருக்காங்க" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மனுப் போடும் வரைக்கும்.

எல்லைக் கல்லைக் கை வைத்து நகர்த்துவது குற்றம் என்று கிள்ளானில் மனு எழுதுகிறவர் மாமாவிடம் சொல்லிவிட்டார். கேஸ் போடுவார்கள். கேஸ் முடியும் வரை நிலத்தைப் பிரிக்க முடியாது. கப்பல் அதுவரைக்கும் காத்திருக்காது. கல் தானாகக் காணாமல் போனால் மட்டும் குற்றமில்லை, புதுக் கல் நட்டுக்கொடுப்பார்கள்.

"அப்ப கல்ல தூக்கி வாய்க்கால்ல போட்டுடலாம்" என்று மாமா சொன்னதற்குத் தாத்தா அவரை ஒரு பார்வை பார்த்தார். அன்று மாலை வரை மாமா சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. அதற்கப்புறம்தான் யானை வந்தது.

சர்வேயர் பின்பக்கமாக வந்தார்

மாமா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். சர்வேயர் ரோட்டிலிருந்து வருவார். முன்வாசலிலேயே நாற்காலி, வெட்டிய இளநீர், விசிறி. அங்கேயே தாத்தா யானைக் கதையைச் சொல்லி முடித்துவிட வேண்டும். மரத்தடிக்குத் தாத்தா வரவே கூடாது. கல்லுக்குக் காது கேட்காத தூரத்தில் தாத்தாவால் பொய் சொல்ல முடியும் என்பது மாமாவின் கணக்கு. வாக் சமானிடமும் போய், "கேட்டா கஜான்னு மட்டும் சொல்லுங்க" என்று கெஞ்சிவிட்டு வந்திருந்தார்.

சர்வேயர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, தொப்பி, தொப்பிக்குக் கீழே வேர்வையில் கரைந்த விபூதி. அவரோடு சங்கிலி பிடிக்க மூன்று ஆட்கள். அவர் ரோட்டிலிருந்து வரவில்லை. வாக்கின் பாக்குத் தோப்பு வழியாகச் சங்கிலியை இழுத்துக்கொண்டு, மூன்று கால் கருவியை நட்டு நட்டுப் பார்த்துக்கொண்டு, நேராக மாச்சாங் மரத்தடிக்கு வந்துவிட்டார். நாங்கள் முன்வாசலில் இளநீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

"காணிக்காரர் ஆர்? இஞ்சை வாங்கோ!" என்று நிலத்துக்காரரைத் தேடிப் பின்னாலிருந்து குரல் வந்தது.

மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அப்பாவுக்கு உடம்பு சரியில்லீங்க!" என்று கத்தினார். அதற்குள் தாத்தா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் பாதி தூரம் போய்விட்டார். நாங்களெல்லாம் பின்னால் ஓடினோம்.

சர்வேயர் கல்லின் முகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் திறந்த நோட்டு. கொஞ்சம் தள்ளி வாக் சமான் நின்றார்.

முதலில் அவரிடம்தான் கேட்டார். மலாயில் கேட்டார், இந்தக் கல் எப்படி இங்கே வந்தது என்று.

வாக் கல்லைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மூன்று தோட்டம் தள்ளித் தேங்காய் விழுந்தால் எந்த மரத்துக் காய் என்று சொல்கிற மனிதர், காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "தக் டெங்கார், துவான்" என்றார். கேட்கவில்லையாம். மறுபடி கேட்டதற்கும் அதே பதில். அவருக்கும் அந்த இடத்தில் பொய் சொல்லத் தைரியம் இல்லை.

சர்வேயர் தாத்தா பக்கம் திரும்பினார். "பெரியவர், நீங்கள் சொல்லுங்கோ. ஆர் இந்தக் கல்லை எடுத்து இஞ்சை வைச்சது?"

தாத்தா வாயைத் திறந்தார். மாமா கண்ணாலேயே கும்பிட்டார்.

"யானை..." என்றார் தாத்தா. கல்லைப் பார்த்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "யானை ஒண்ணும் வரலீங்க."

"எந்த யானை?"

"வராத யானைதாங்க. குட்டியும் வரலே. இவன்தான் வந்துச்சுன்னு சொல்லச் சொன்னான்." மாமாவைக் கைகாட்டினார். "நான்தான் எடுத்து வச்சேன். சாமி வெயில்ல நின்னுச்சு. நெழலுக்குக் கொண்டாந்தேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வானத்தைப் பார்த்தார். எனக்குத் தாத்தாமேல் அப்படி ஒரு ஆத்திரம். பெற்ற மகளைவிட ஒரு கல் பெரிதா என்று இருந்தது. அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பதிமூன்று வயதில் எனக்குப் பாக்கியத்தோடு போட்ட சண்டையெல்லாம் பழகியிருந்தது, இப்படிப்பட்ட மனிதர்களோடு சண்டை போடப் பழகவில்லை.

சர்வேயர் நோட்டை மூடவில்லை. "இது சாமியில்லைப் பெரியவர். சர்க்கார் கல்லு."

"அப்ப வேல் எதுக்குங்க போட்டிருக்கு?"

"அது வேல் இல்லை. சர்க்கார்ரை அம்புக்குறி."

தாத்தா குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். முப்பது வருடம் தினமும் பார்த்த முகம். "நமக்கு வேலாத்தாங்க இருந்துச்சு" என்றார். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டினார். விலங்கு மாட்ட வசதியாக.

சர்வேயர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தன் நோட்டைப் பார்த்தார், பாக்குத் தோப்பைப் பார்த்தார், திரும்பவும் நோட்டைப் பார்த்தார். அவருக்கு முகம் மாறியது.

"கொஞ்சம் பொறுங்கோ. முந்தி இந்தக் கல்லு அங்காலை நிண்டதோ?"

"ஆமாங்க. பதினெட்டு எட்டு தள்ளி."

"அப்ப நீங்கள் உங்கடை காணிக்குள்ளைதானே கொண்டந்து வைச்சிருக்கிறீங்கள்! கல்லைத் தள்ளி அடுத்தவன்ரை காணியைப் பிடிச்ச ஆக்களைக் கண்டிருக்கிறன். தன்ரை காணியைத் தானே தள்ளிக் குடுத்த ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. ஆனால் சர்க்கார் உத்தியோகம் சிரிப்போடு முடிகிற காரியம் இல்லை. கல்லைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட வேண்டும், யார் நகர்த்தியது என்று நோட்டில் எழுத வேண்டும். தன் ஆட்களைப் பார்த்து, "பிடுங்குங்கோ" என்றார்.

முதல் ஆள், "கை சுளுக்கிக்கிச்சுங்க" என்றான். இரண்டாமவன் பக்கத்தில்கூட வரவில்லை. "எனக்குப் புள்ளகுட்டி இருக்குங்கய்யா" என்றான். மூன்றாவது ஆள் மலாய்க்காரர். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "தக் பெரானி, துவான்" என்று மூன்று எட்டுப் பின்வாங்கினார். தைரியம் இல்லை என்று நேராகவே சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

சர்வேயர் தானே குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்தார். சப்பாத்தைக் கழற்றினார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாமியைப் பிடுங்க யாரால் முடியும்? காலுறையோடு ஈர மண்ணில் நின்றார்.

ரோடு வரைக்கும் ஒரு நடை

கடைசியில் அவர் பேனாவை எடுத்தார். நோட்டில் வைத்தார். கல்லைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். வீட்டைத் தாண்டினார். நாற்காலியையும் இளநீரையும் தாண்டினார். பாரிட் பலகையை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பத்திரமாகக் கடந்தார். ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் திரும்பி, கல் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். தெரிந்தது போலிருக்கிறது. இன்னும் ஒரு பத்து எட்டு நடந்து, தவுக்கே கடைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தார்.

நாங்கள் மரத்தடியிலேயே நின்றோம். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது.

திரும்பி வந்தபோது நோட்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். "புதுக் கல்லு ஒண்டு கொண்டாங்கோ. பழைய இடத்திலை நடுவம்" என்று ஆட்களிடம் சொன்னார்.

தாத்தா இன்னும் கைகளை இறக்கவில்லை. "என்னாங்க எழுதினீங்க?" என்று கேட்டார்.

சர்வேயர் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். "அதை இஞ்சை நிண்டு கேளாதேங்கோ, பெரியவர்."

பழைய கல் காணவில்லை என்று அவர் எழுதியிருந்தது, காகிதம் கைக்கு வந்தபோது மாமா வாசித்துக்காட்டித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதையும் ரோட்டில் வைத்துத்தான் வாசிக்கவிட்டார் தாத்தா.

புதுக் கல் வாக் சமானின் பாக்கு மரங்களுக்கு நடுவே போய் நின்றது. மாமா மரங்களை எண்ண ஆரம்பித்தார். "நெலம் நம்மளது. பாக்கு அவரு வச்சது. இருக்கிற வரைக்கும் அவரே பறிக்கட்டும்" என்று தாத்தா சொல்லிவிட்டார். எண்ணிக்கை பாதியில் நின்றது. வாக்குக்கு அன்று சாயங்காலமே காது கேட்க ஆரம்பித்துவிட்டது.

நாங்கள் போகாமலே கப்பல் போயிற்று. அப்பா அந்த மூன்று ஏக்கரில் கத்திரி, வெண்டை, மிளகாய் போட்டார். விலை விழுந்தாலும் தின்னலாம் என்று ஒரு யோசனை. அம்மா தன் பேர் போட்ட காகிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். அரிசி அள்ளும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்ப்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் தன் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவாள்.

மாச்சாங் மரம் அம்மாவின் பாகத்தில் வந்தது. வீட்டை அதன் நிழலிலேயே கட்டினோம். கல்லிலிருந்து சமையல்கட்டு எட்டே எட்டுத் தப்படி தூரம். வசதிதான். ஆனால் அந்த வீட்டுக்குள் எங்களில் ஒருவராலும் வாய் கூசாமல் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்ல முடியவில்லை.

மூன்று நான்கு வருடம் கழித்துக் கிள்ளானிலிருந்து என்னைப் பெண் கேட்டு ஒரு தரகர் வந்தார். கோப்பி குடித்தார். நிலத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "பொண்ணு நல்லா சமைக்கும்தானே?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கண்ணே, ரோட்டுப் பக்கம் போயிப் பேசலாம்."